ஆறு மாதப் பிள்ளையோடு டிசம்பரில் ரொறன்ரோ ஸூ: போகலாமா?

புதுத்தாய்_ஸ்காபரோ | டிசம்பர் 9, இரவு 11.40

எல்லோருக்கும் வணக்கம். மகனுக்கு வருகிற கிழமை ஆறு மாதம் முடிகிறது. நான் கனடா வந்து மூன்று வருடம், பிள்ளையோடு இதுதான் முதல் குளிர்காலம். அம்மா ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் ஒக்டோபரில் வந்தவ, வந்த நாள் தொட்டு வீடு, டொக்டர், கோயில், தமிழ்க் கடை, திரும்ப வீடு என்றுதான் போகிறது. பேஸ்மென்ட் வீடு என்பதால் பகலிலும் லைட் போட்டுக்கொண்டு இருக்கிறோம். நாலரை, நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அம்மா ஜன்னலைப் பார்த்துவிட்டு "இப்பவே இரவோ?" என்று கேட்கிறா, ஒவ்வொரு நாளும் கேட்கிறா, எனக்கு அதைக் கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

அடுத்த கிழமை வியாழன் இவருக்கு லீவு. ஸூவுக்குப் போவோமா என்று கேட்டேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. கைக்குழந்தையைக் கொண்டுபோய்ப் பனிக்குள் வைக்கிறதா, சளி நெஞ்சில் இறங்கினால் யார் பார்க்கிறது என்று. இவர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். குளிர்காலத்தில் கைப்பிள்ளையோடு போய் வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மிருகங்கள் வெளியே நிற்குமா? பிள்ளைக்கு என்ன போடுவது? யானை இருக்கிறதா? (அம்மா கொழும்பில் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானை பார்த்த கதையை இன்றைக்கும் சொல்லுவா, அதனால் கேட்கிறேன்.)

அம்மம்மா65 | டிசம்பர் 10, காலை 6.15

பிள்ளை, அம்மா சொல்வதைக் கேளுங்கோ. நான் இங்கே வந்து 28 வருடம், ஐந்து பேரப்பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன், ஒன்றையும் முதல் குளிர்காலம் தேவையில்லாமல் வெளியே கொண்டுபோகவில்லை. மிருகம் ஓடிப்போகாது, மே மாதம் போகலாம். ஆறு மாதப் பிள்ளைக்குப் புலியும் தெரியாது, பூனையும் தெரியாது.

மோர்னிங்சைட் அக்கா | டிசம்பர் 10, காலை 9.05

தங்கச்சி, போங்கோ. நான் மூன்று பிள்ளைகளையும் முதல் குளிர்காலத்திலேயே கொண்டுபோனவள், சின்னவளை நாலு மாதத்தில். அம்மம்மா சொல்வதில் உள்ள பயம் எனக்கு விளங்குகிறது, எங்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் தடிமன், சளி வருவது குளிர்க்காற்றால் இல்லை, கிருமியால், அது ஆட்களிடமிருந்துதான் வருகிறது. கிறிஸ்மஸ் நேரம் மோலுக்குள் சனத்தோடு சனமாகத் தள்ளுப்பட்டு நிற்பதைவிட, வார நாளில் ஆளில்லாத ஸூ எத்தனையோ மேல்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. வியர்வைக்கு. நாங்கள் பிள்ளைக்குக் குளிரும் குளிரும் என்று ஐந்து உடுப்பு போட்டுவிட்டுக் காருக்குள் ஹீற்றரையும் கூட்டிவிடுகிறோம், பிள்ளையின் முதுகு நனைந்துவிடுகிறது, அந்த ஈரத்தோடு வெளியே இறக்கினால்தான் பிள்ளை விறைக்கும். எங்களைவிட ஒரு உடுப்பு கூட, அவ்வளவும் போதும். கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கைப்பிள்ளையின் கை எப்போதும் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். விரலைக் கழுத்துக்குப் பின்னால் விட்டுப் பாருங்கள். சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் சரி. ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். தடித்த ஸ்னோ சூட்டோடு பிள்ளையைக் கார் சீற்றில் கட்டக்கூடாது. உடுப்பின் பஞ்சு பட்டியை இறுக்கமாகக் காட்டும், ஆனால் ஒரு அடி பட்டால் அந்தப் பஞ்சு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும், பிள்ளை வெளியே வந்துவிடும். சாதாரண உடுப்போடு கட்டிவிட்டு, தோள்பட்டைக்கு மேல் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் மேல் போர்வையைப் போடுங்கள். ஸ்னோ சூட்டை அங்கே போய்ப் போட்டால் போதும்.

ரூஜ் கரை | டிசம்பர் 10, மதியம் 12.30

நான் அந்தப் பக்கம் குடியிருப்பவன், வருடம் முழுக்க ஸூவுக்குள் நடப்பவன். எனக்குக் கேட்டால் அந்த இடத்தைப் பார்க்கச் சரியான காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான்.

287 ஹெக்டேர் நிலம் அது. கோடையில் அதற்குள் வெயிலில் நடந்து களைத்து, சிங்கம் எங்கோ மர நிழலில் படுத்திருக்க வாலை மட்டும் பார்த்துவிட்டு வருவோம். குளிர்காலத்தில் நிலைமை அப்படியே மாறிவிடும். ஆமூர் புலி ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் பனிக்குள் வாழ்கிற சாதி, இந்தக் குளிரில்தான் அது எழும்பி நடக்கும், மூச்சு புகையாக வருவது தெரியும். பனிச்சிறுத்தை தன் நீண்ட வாலையே போர்வை மாதிரி முகத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு படுக்கும். பனிக்கரடிக்கு இது ஒரு குளிரே இல்லை. அதன் மயிர் வெள்ளை இல்லை என்பது தெரியுமா? நிறமில்லாத, உள்ளே வெறுமையான மயிர், வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் தெரிகிறது, கீழே இருக்கும் தோல் கறுப்பு. மூக்கு கறுப்பாக இருப்பது அதனால்தான்.

யானை இல்லை. அம்மாவுக்கு முதலே சொல்லிவிடுங்கள், அங்கே போய் ஏமாற வேண்டாம். ரொக்கா, திக்கா, இரிங்கா என்று மூன்று ஆபிரிக்க யானைகள் இருந்தன, 2013 ஒக்டோபரில் லொறியில் ஏற்றிக் கலிபோர்னியாவில் ஒரு சரணாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் குளிரில் மாதக்கணக்காகக் கொட்டிலுக்குள் நிற்க யானையால் ஆகாது. அப்போது பெரிய சண்டை நடந்தது, மாநகரசபை வரைக்கும் போனது. எனக்கும் கவலைதான், ஆனாலும் அனுப்பியது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பண்டாவும் இல்லை, 2018இல் போய்விட்டன. அம்மாவுக்குக் காண்டாமிருகத்தைக் காட்டுங்கள், அசாமில் இருக்கிற அந்த ஒற்றைக் கொம்புச் சாதி.

உரும்பிராய்ப்பொடியன் | டிசம்பர் 10, பின்னேரம் 5.50

கார் இல்லாதவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்காக: கென்னடி ஸ்ரேஷனிலிருந்து 86ஆம் நம்பர் பஸ் போகிறது, எல்லா 86உம் ஸூ வரை போகாது, முன்னால் எழுதியிருப்பதைப் பார்த்து ஏறுங்கள், கிழமை நாளுக்கும் சனி ஞாயிறுக்கும் ஓட்டம் வேறு வேறு. இரண்டு வயது வரை பிள்ளைகளுக்கு ரிக்கெற் இல்லை. பெரியவர்கள் மூன்று பேர் என்றால் காசு கொஞ்சம் கடிக்கும், லைப்ரரி கார்ட் இருந்தால் ரொறன்ரோ நூலகத்தில் இலவச பாஸ் கொடுக்கிறார்கள், கெதியில் முடிந்துவிடும், முன்கூட்டியே பாருங்கள்.

அம்மம்மா65 | டிசம்பர் 10, இரவு 8.10

மோர்னிங்சைட் பிள்ளை, கிருமி என்று சொல்கிறீர்கள், சரி. ஆனால் என் இரண்டாவது பேரனுக்கு ஏழு மாதத்தில் ஒருநாள் வெளியே போய் வந்து அடுத்த நாளே இழுப்பு வந்தது. மூன்று இரவு ஆஸ்பத்திரியில் இருந்தோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுடைய விலா எலும்பு உள்ளே போய் வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தனான். அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் என்ன சொன்னாலும் மனம் வராது. அவ்வளவுதான் சொல்ல வந்தேன், பிள்ளையின் ஆசையைக் கெடுக்க இல்லை.

மோர்னிங்சைட் அக்கா | டிசம்பர் 10, இரவு 9.30

அம்மா, மன்னிக்க வேண்டும், உங்கள் பயம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் விளங்குகிறது. நீங்கள் சொன்ன அந்த அடையாளத்தை எல்லாத் தாய்மாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க ஏலாமல் மூச்சு வாங்கினால், வேறு ஒன்றையும் பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். அந்த வருத்தம் குளிரால் வந்திருக்காது, அதற்குச் சில நாட்கள் முதல் யாரோ இருமிய ஆளிடமிருந்து தொற்றியிருக்கும், வெளிக்காட்டிய நாள் அதுவாகப் போய்விட்டது. ஆனால் அந்த இரவுகளை அனுபவித்தவர் நீங்கள். ஆகவே தங்கச்சிக்கு நான் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: அன்று காலையில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலோ மேல் சுட்டாலோ போக வேண்டாம், ரிக்கெற் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

புதுத்தாய்_ஸ்காபரோ | டிசம்பர் 11, அதிகாலை 3.20

பால் கொடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "அந்தப் பிள்ளை இப்ப எப்படி?" என்று கேட்டா. எப்படி இருக்கிறார் உங்கள் பேரன்?

இன்னொரு கேள்வி. எவ்வளவு குளிர் என்றால் போகலாம்? ஸ்ரோலரா, காரியரா?

அம்மம்மா65 | டிசம்பர் 11, காலை 6.05

பேரனுக்கு இப்போது 15 வயது, கூடைப்பந்து விளையாடுகிறான், என்னைவிட இரண்டு அடி உயரம். அம்மாவுக்குச் சொல்லுங்கோ.

போவதென்றால் பிள்ளையின் தலைக்குத் தொப்பி இரண்டு கொண்டுபோங்கோ. ஒன்று விழுந்துவிடும்.

ரூஜ் கரை | டிசம்பர் 11, காலை 10.45

குளிர் எவ்வளவு என்பதற்கு வெறும் பாகையைப் பார்க்காதீர்கள், காற்றோடு சேர்த்து எப்படி உறைக்கும் என்று போட்டிருப்பார்களே, அதைப் பாருங்கள். காற்றோடு மைனஸ் 28 என்றால் ரொறன்ரோ பள்ளிக்கூடங்களிலேயே பிள்ளைகளை இடைவேளைக்கு வெளியே விடுவதில்லை. கைப்பிள்ளைக்கு அதற்கு நிறைய முன்னரே நிற்பாட்ட வேண்டும். ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு உடம்பு தானாகச் சூடாகும், ஸ்ரோலரில் அசையாமல் கிடக்கிற பிள்ளைக்கு ஆகாது. நான் என் மகளுக்கு வைத்த கணக்கு மைனஸ் 10. அதற்குக் கீழே போனால் வீடு.

முக்கியமானது இதுதான்: அந்த ஸூவுக்குள் சூடான பெரிய கட்டடங்கள் இருக்கின்றன, பவிலியன் என்பார்கள். இந்தோ-மலாயா, ஆபிரிக்க மழைக்காடு, அமெரிக்கா, ஒஸ்திரேலியா. கண்ணாடிக் கூரைக்குக் கீழே மரமும் தண்ணீரும் குருவியுமாக இருக்கும். வெளியே பத்துப் பதினைந்து நிமிடம், உள்ளே முக்கால் மணி, இப்படியே போனால் பிள்ளை குளிரை உணர்கிற நேரம் மிகவும் குறைவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள். இரண்டு பவிலியன், வெளியே ஒரு மிருகம். கோடையில் ஓடுகிற அந்தச் சின்ன ரெயில் மாதிரி வண்டி குளிர்காலத்தில் இல்லை, முழுக்க நடைதான், அம்மாவின் முழங்காலையும் யோசியுங்கள்.

காரியர் என்றால் அப்பாவின் ஜக்கெட்டுக்குள் பிள்ளையை வைத்து, முகம் தெரிகிற மாதிரி, நாடி நெஞ்சில் முட்டாத மாதிரி. ஸ்ரோலர் என்றால் முகத்துக்கு மேல் போர்வையைப் போட்டு மூடாதீர்கள், மூச்சுக்காற்று போக வேண்டும்.

மோர்னிங்சைட் அக்கா | டிசம்பர் 11, காலை 11.20

அண்ணா சொன்ன பவிலியனைப் பற்றி ஒன்று. வாசலில் இரண்டு கதவு இருக்கும். முதல் கதவைத் தாண்டினவுடனேயே நின்று, பிள்ளையின் தொப்பி, கையுறை, ஸ்னோ சூட் எல்லாம் கழற்றுங்கள், பிறகுதான் இரண்டாவது கதவு. "ஐந்து நிமிடம்தானே" என்று அப்படியே உள்ளே போனால் பிள்ளை அவிந்துவிடும். அலுப்புத்தான், ஆறு தரம் போட்டுக் கழற்ற வேண்டும், ஆனால் அந்த வேலைதான் பிள்ளையைக் காப்பாற்றும்.

விற்றமின் டி துளி கொடுக்கிறீர்களா? ஊரில் மாதிரி இளவெயில் காட்டினால் போதும் என்று அம்மா நினைக்கக்கூடும். இங்கே குளிர்காலச் சூரியன் மிகவும் சாய்ந்து வருவதால் அது வேலை செய்யாது. தாய்ப்பால் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் 400 அலகு, டொக்டர் சொல்லியிருப்பார்.

புதுத்தாய்_ஸ்காபரோ | டிசம்பர் 19, இரவு 10.15

போய் வந்துவிட்டோம். நேற்று. நிறைய எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் மைனஸ் 4, காற்று பெரிதாக இல்லை. அம்மா கடைசி வரை வெளிக்கிடவில்லை, நான் வீட்டில் நிற்கிறேன் பிள்ளையை விட்டுவிட்டுப் போங்கோ என்று சொன்னா. இவர் பேசாமல் அம்மாவின் சப்பாத்தைக் கொண்டுவந்து ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் அம்மா அதைப் போட்டுக்கொண்டு நின்றா.

மெடோவேல் றோட்டில் திரும்பினால் பார்க்கிங் வெறிச்சோடிக் கிடக்கிறது, பத்துப் பதினைந்து கார்தான். உள்ளே சத்தமே இல்லை. எங்கள் சப்பாத்துக்குக் கீழே ஸ்னோ நொறுங்குவது மட்டும் கேட்டது. முதலில் இந்தோ-மலாயா. இரண்டு கதவுக்கு நடுவில் அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றினோம், கழுத்துக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தேன், ஏற்கனவே கொஞ்சம் ஈரம். கார் ஹீற்றர். ஒரு உள்ளுடுப்பு மாற்றினேன், அக்கா, அதை நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது கதவைத் திறந்தவுடன் மூன்று பேரின் கண்ணாடியும் ஒரேயடியாகப் புகார் பிடித்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. கண் தெரியாமல் நிற்கும்போது முதலில் வந்தது மணம்தான். ஈர மண், அழுகின இலை, எங்கோ பூ. அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே "மழை விட்ட காலைமை எங்கட வளவு" என்றா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாழை மரத்தடியில் போய் நின்று இலையைப் பிடித்துப் பார்த்தா, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா, பிடித்தபடியே நின்றா. ஒராங்குட்டான் ஒன்று மேலே கயிற்றில் போனது, நாங்கள் அதைப் பார்த்தோம், அம்மா வாழையைப் பார்த்தா. அவ ஒக்டோபரிலிருந்து ஒரு பச்சை இலையைத் தொடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் வாங்குகிற கறிவேப்பிலையைத் தவிர.

காண்டாமிருகம் உள்ளே நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு கிட்ட நான் எதிர்பார்க்கவில்லை. அம்மா தெஹிவளைக் கதையைத் தொடங்கினா, பின்னேரம் யானைகள் நடனம் ஆடுவது, பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போனது, யாழ்தேவியில் போனது. இந்தத் தரம் முதல் தடவையாக ஒரு புது விஷயம் சொன்னா: அந்த யானை ஒன்றின் காலில் சங்கிலித் தழும்பு இருந்ததாம், அதைப் பார்த்துவிட்டு ரெயிலில் திரும்பும் வழியெல்லாம் அழுததாம். இங்கே இருந்த யானைகளைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவிட்டார்களாம் என்று ரூஜ் கரை அண்ணா எழுதியதைச் சொன்னேன். "நல்லது, வெயிலுக்குப் போகட்டும்" என்றா.

பிறகு வெளியே பனிச்சிறுத்தை. பத்து நிமிடம் நின்றோம், அது படுத்தபடி இருந்தது, உண்மையாகவே வாலை முகத்தில் போட்டிருந்தது. மகன் அப்பாவின் ஜக்கெட்டுக்குள் நித்திரை. பனிக்கரடி வரை போகவில்லை, அம்மா களைத்துவிட்டா.

ஆபிரிக்க மழைக்காட்டுக்குள் போனபோது அவன் எழும்பிவிட்டான். கொரில்லாவைக் காட்டினோம், பார்க்கவே இல்லை. அங்கே ஒரு மீன் தொட்டி இருக்கிறது, மலாவி ஏரி மீன்களாம், மஞ்சளும் நீலமுமாக. அவன் அதைக் கண்டான். கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தேன். முதலில் அசையவே இல்லை, வாயைத் திறந்தபடி. பிறகு ஒரு மஞ்சள் மீன் இடமிருந்து வலம் போக, அவனுடைய தலை அதோடு போனது, திரும்ப வர, திரும்பி வந்தது. பிறகு கையை நீட்டிக் கண்ணாடியில் வைத்தான், ஐந்து விரலையும் விரித்து. எடுத்தபோது அந்தச் சின்னக் கையின் அளவுக்கு ஒரு புகார் அடையாளம் இருந்து, மெதுவாக மறைந்தது. திரும்ப வைத்தான். நாற்பது நிமிடம், பொய் இல்லை, நாற்பது நிமிடம் அங்கேயே இருந்தோம். அம்மா பக்கத்து வாங்கில் இருந்துகொண்டு "அந்தா வருது, அந்தா வருது" என்று ஒவ்வொரு மீனையும் அவனுக்கு அறிவித்தா.

அம்மம்மா65, நீங்கள் சொன்னது சரி, அவனுக்குப் புலியும் தெரியாது, பூனையும் தெரியாது. மீன் தெரிகிறது.

இரண்டரைக்கு வீட்டுக்கு வெளிக்கிட்டுவிட்டோம். இன்று முழுக்க மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒன்றும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இன்னும் இரண்டு மூன்று நாள் பார்ப்பேன். ஒரே ஒரு கவலை, அம்மா இங்கே வந்து யூ ரியூப் பார்த்துப் பின்னின கையுறையில் ஒன்றைத் தொலைத்துவிட்டோம். ஆறு தரம் போட்டுக் கழற்றியதில் எங்கேயோ விழுந்துவிட்டது. அம்மா பரவாயில்லை என்கிறா, ஆனால் இரவு நான் வரும்போது மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தா.

அம்மம்மா65 | டிசம்பர் 20, காலை 6.00

வாசித்தேன் பிள்ளை. அந்த மீன் தொட்டிக்கு என் கடைசிப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்பது மாதம். வார நாளில்தான் போக வேண்டும் என்றும் சொன்னேன்.

தொப்பி இரண்டு என்று சொன்ன நான் கையுறையும் இரண்டு சோடி என்று சொல்லியிருக்க வேண்டும்.

மோர்னிங்சைட் அக்கா | டிசம்பர் 20, காலை 8.40

தங்கச்சி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன். என் அம்மா 2009இல் வந்து ஒரு குளிர்காலம் என்னோடு நின்றவ. நான் அவவை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை, வேலை, பிள்ளை, பனி என்று. அதற்குப் பிறகு அவ வரவில்லை. உங்கள் அம்மா நிற்கும் வரைக்கும் மாதம் ஒருமுறையாவது அந்த வாழை மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். பவிலியனுக்குள் மட்டும் போய், இருந்துவிட்டு வாருங்கள்.

ரூஜ் கரை | டிசம்பர் 20, பின்னேரம் 4.55

இன்றைக்கு நடக்கப் போயிருந்தேன். பனிச்சிறுத்தைக்கு முன்னால் இருக்கிற வேலிக் கம்பி ஒன்றில் யாரோ ஒரு சின்னக் கையுறையைச் செருகி வைத்திருக்கிறார்கள். கம்பளி நூல், சிவப்பு, மணிக்கட்டில் வெள்ளைக் கரை. உங்களுடையதா?

புதுத்தாய்_ஸ்காபரோ | டிசம்பர் 20, பின்னேரம் 5.02

வெள்ளைக் கரையில் ஒரு இடத்தில் நூல் தவறி ஓட்டை இருக்குமா?

ரூஜ் கரை | டிசம்பர் 20, பின்னேரம் 5.10

ஓம், இருக்கிறது. எடுத்து ஜக்கெட் பைக்குள் வைத்திருக்கிறேன். எந்தப் பக்கம் கொண்டுவந்து தர, சொல்லுங்கள்.